ஒரு புள்ளடி போதுமா?



உள்ளூராட்சித் தேர்தல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போகிறீர்கள். சீட்டில் ஐந்தாறு கட்சிகள், இரண்டு மூன்று சுயேச்சைக் குழுக்கள். உங்கள் வட்டாரத்தில் நிற்கும் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கை சுத்தமானவர். வாய்க்கால் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் கூப்பிட்ட குரலுக்கு வருபவர். அவருக்குப் புள்ளடி போடத்தான் மனம் சொல்கிறது. ஆனால் வீட்டில் சொல்லியனுப்பிய வார்த்தை காதில் நிற்கிறது: “அவர் வெல்லமாட்டார். அவருக்குப் போட்டு வாக்கை வீணாக்காதே. பெரிய கட்சிக்குப் போடு. இல்லாவிட்டால் வரக்கூடாதவர் வந்துவிடுவார்.”

என்ன செய்வீர்கள்? மனதுக்குச் சரியென்று பட்டதைச் செய்தால் வாக்கு வீண். வாக்கைக் காப்பாற்றினால் மனச்சாட்சிக்கு மாறு. இந்த இக்கட்டில் நம் பெண்கள் பலர் வருடக்கணக்காக நிற்கிறார்கள். இது அவர்களுடைய அறியாமையால் வந்ததல்ல. ஒரே ஒரு புள்ளடிக்கு மேல் இடம் தராத வாக்குச்சீட்டால் வந்தது.

இதற்கு வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அது நம் நாட்டுக்குப் புதியதுமல்ல.

கீரிமலை வாக்காளரின் இரண்டு சீட்டுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கும் கீரிமலையைப் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் கேள்விப்பட்டாவது இருப்பீர்கள். உப்புக்கடலின் ஓரத்திலே நன்னீர் ஊறும் கேணி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே குளிக்கும் இடம். பக்கத்தில் நகுலேஸ்வரர் கோவில். வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குள் அடங்கும் ஊர்.

அந்த ஊரை இங்கே எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு போரினால் கீரிமலையும் அதைச் சுற்றிய கிராமங்களும் வெறிச்சோடின. உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வேலி விழுந்தது. மக்கள் பல வருடங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்து, காணிகள் விடுவிக்கப்பட விடுவிக்கப்படக் கட்டங்கட்டமாகத்தான் திரும்பினார்கள். அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில்தான் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவால் மிகக் குறுகிய கால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அந்த நாள் ஒக்டோபர் 30. வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி புத்தளத்துக்கு வந்து சேர்ந்த உம்மாமாரின் கண்ணீர் நமக்குத் தெரியும். ஒரே ஆண்டில், ஒரே குடாநாட்டில், இரண்டு சமூகத்தவரும் ஊரை இழந்தோம். திரும்பி வருகிறவனுக்கு முதலில் வேண்டியது பாதை, கிணறு, விளக்கு, குப்பை அள்ளும் வண்டி. அதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் பிரதேச சபையும் மாநகர சபையும்தான். ஆகவே அந்தச் சபைகளுக்கான வாக்கு இரு சாராருக்கும் சிறு விஷயமல்ல.

இப்போது பாருங்கள். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி கீரிமலை வாக்காளர் ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தார். அந்தச் சீட்டில் அவர் 1, 2, 3 என்று இலக்கமிட்டு மூன்று பேர்வரை வரிசைப்படுத்தலாம். “எனக்கு முதலில் இவர், இவர் இல்லையென்றால் அவர்” என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. 2025 மே 6ஆம் திகதி அதே வாக்காளர் தன் பிரதேச சபைக்கு வாக்களித்தார். இம்முறை ஒரே புள்ளடி. இரண்டாவது விருப்பத்துக்கு இடமில்லை.

நாட்டின் தலைவரைத் தெரிய வரிசைப்படுத்தலாம். தெருவின் வாய்க்காலைப் பார்ப்பவரைத் தெரிய வரிசைப்படுத்த முடியாது! இது என்ன நியாயம்?

வரிசை வாக்கு என்றால் என்ன?

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் மஹல்லாவில் பெண்களுக்கான குர்ஆன் வகுப்பு தொடங்குகிறது. எந்த நாளில் வைப்பது? 21 சகோதரிகள் கூடியிருக்கிறார்கள். சனிக்கிழமை என்று 9 பேர், ஞாயிறு என்று 7 பேர், வெள்ளி பின்னேரம் என்று 5 பேர் கைதூக்குகிறார்கள். கூடிய கை சனிக்கே. சனி என்று முடிவாகிறது.

ஆனால் வெள்ளி கேட்ட 5 பேருக்கும் சனிக்கிழமை வரவே முடியாது. ஞாயிறு என்றால் வருவார்கள். அவர்களிடம், “வெள்ளி சரிவராவிட்டால் உங்களுக்கு எது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? 7 உடன் 5 சேர்ந்து ஞாயிறுக்கு 12. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்ற நாள் அதுதான்.

வரிசை வாக்கு இவ்வளவுதான். முதல் எண்ணிக்கையில் யாருக்காவது பாதிக்கு மேல் கிடைத்தால் அவர் வென்றார். கிடைக்காவிட்டால் ஆகக்குறைந்த வாக்குப் பெற்றவர் விலக்கப்படுவார். அவருக்கு வாக்களித்தவர்களின் சீட்டுகளில் அடுத்த இலக்கம் யாருக்கோ, அவருக்கு அந்த வாக்குகள் போகும். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும். ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். ஒரு கதவு மூடினால் அது அடுத்த கதவைத் தட்டும்.

ஒரு விளக்கம் அவசியம். பாராளுமன்றத் தேர்தலில் “விருப்பு வாக்கு” என்று மூன்று பேருக்குப் புள்ளடி இடுகிறோமே, அது வேறு. அங்கே ஒரே கட்சிக்குள் மூன்று பேரைக் குறிக்கிறோம், மூன்றும் சமம், முதல், இரண்டு என்ற வரிசை இல்லை. அதனால்தான் ஒரே கட்சிக்காரர்களே ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். வரிசை வாக்கு கட்சி எல்லையையும் கடந்து, “இவர் இல்லையென்றால் யார்?” என்று கேட்பது.

அந்தக் கேள்வியை முன்பே கேட்டவர்

“இல்லையென்றால் யார்?” என்ற இந்தக் கேள்வி நம் வரலாற்றுக்கு அந்நியமா? இல்லை.

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டின் இறுதியில் உமர் (ரழி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தெரியும் பொறுப்பை ஆறு ஸஹாபிகளிடம் ஒப்படைத்தார்கள். உஸ்மான், அலீ, ஸுபைர், தல்ஹா, ஸஅத், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழியல்லாஹு அன்ஹும்) ஆகியோரே அவர்கள். அடக்கம் முடிந்தபின் ஆறு பேரும் கூடினார்கள். ஸுபைர் தம் உரிமையை அலீக்கு விட்டுக்கொடுத்தார், தல்ஹா உஸ்மானுக்கு, ஸஅத் அப்துர் ரஹ்மானுக்கு. ஆறு மூன்றானது. பிறகு அப்துர் ரஹ்மான் (ரழி) தாமே ஒதுங்கிக்கொண்டார். மூன்று இரண்டானது. ஸஹீஹுல் புகாரியில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

அதன்பின் அப்துர் ரஹ்மான் (ரழி) இரவு பகலாக மதீனா மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்த பெண்களிடமும் போய்க் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் தம் வரலாற்று நூலில் எழுதுகிறார். போட்டியில் இருந்த இருவரிடமும் தனித்தனியே, பொறுப்பு உங்களுக்கு இல்லையென்றால் யாருக்கு என்று கேட்டதாகவும், உஸ்மான் அலீயையும் அலீ உஸ்மானையும் குறிப்பிட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

அன்று நடந்தது வாக்குச்சீட்டுத் தேர்தல் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் மஷூராவின் பண்பு அதில் தெரிகிறது. ஆளைப் பார்த்துக் கைதூக்கச் சொல்லி எண்ணிவிட்டுப் போவது மட்டும் மஷூரா அல்ல. விலகியவரின் விருப்பம் எங்கே போகிறது என்று பார்ப்பதும், இரண்டாவது கேள்வியைக் கேட்பதும், திரைக்குப் பின்னால் உள்ளவளின் கருத்தையும் சேர்ப்பதும் மஷூராதான். குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்துக்கே அஷ்ஷூரா என்ற பெயர் அமைந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

முப்பது லட்சம் மௌனச் சீட்டுகள்

சரி, நம் நாட்டில் இருக்கும் உரிமையை நாம் பயன்படுத்தினோமா? இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 இடும் முறை 1982இல் நடந்த முதல் தேர்தலிலிருந்தே இருக்கிறது. எட்டுத் தேர்தல்களில் ஒருவர் பாதிக்கு மேல் பெற்றுவிட்டதால் இரண்டாவது எண்ணிக்கை தேவைப்படவில்லை. 2024இல்தான் முதன்முறையாகத் தேவைப்பட்டது. அநுர குமார திஸாநாயக்கவுக்கு 56 லட்சத்து 34 ஆயிரத்து 915 வாக்குகள், அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 43 லட்சத்து 63 ஆயிரத்து 35 வாக்குகள், 32.76 வீதம். இந்த இருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஒரே தடவையில் விலக்கப்பட்டு, அவர்களுடைய சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன.

விலக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்திருந்த வாக்குகள் ஏறத்தாழ 33 லட்சம். அவற்றிலிருந்து மேலே நின்ற இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பங்கள் எத்தனை தெரியுமா? அநுரவுக்கு 1 லட்சத்து 5 ஆயிரத்து 264. சஜித்துக்கு 1 லட்சத்து 67 ஆயிரத்து 867. இரண்டையும் கூட்டினாலும் 2 லட்சத்து 73 ஆயிரம்தான். மீதி முப்பது லட்சம் சீட்டுகள் அந்த இருவரில் யார் என்பதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சஜித்துக்கு 1 லட்சத்து 21 ஆயிரம், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 1 லட்சத்து 16 ஆயிரம், ரணிலுக்கு 84 ஆயிரம் என்று வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன. பின்னிருவருக்கும் போட்டவர்கள் மட்டுமே இரண்டு லட்சம் பேர். தம் சமூகத்தின் கோரிக்கையைச் சொல்ல முதல் வாக்கையும், நாட்டை ஆளப்போகிறவர் யார் என்பதற்கு அடுத்த வாக்கையும் அவர்கள் பயன்படுத்தலாம். முதல் வாக்கு வீணாகாது. இரண்டாவது வாக்கும் கைவிட்டுப் போகாது.

வேண்டுமென்றே எழுதாமல் விட்டவர்களும் இருப்பார்கள். அது அவர்களுடைய உரிமை. ஆனால் எழுதலாம் என்பதே தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் யாராவது 2, 3 இட்டார்களா என்று இன்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளூரில் ஏன் இன்னும் அவசியம்?

உள்ளூராட்சித் தேர்தல் முறை 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மாறியது. ஏறத்தாழ 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வருகிறார்கள். வட்டாரத்தில் யாருக்குக் கூடிய வாக்கோ அவருக்கு வெற்றி. பாதி பெற வேண்டும் என்ற கட்டாயமில்லை. மீதி 40 வீதம் கட்சிகள் பெற்ற மொத்த வாக்கின் விகிதத்தில் பட்டியலிலிருந்து வருகிறார்கள். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் வந்தது. அதற்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதம்கூட இருக்கவில்லை என்பதை நினைத்தால் இது பெரிய நன்மை.

ஆனால் கட்சிகள் பெருகிவிட்டன. 2025இல் யாழ்ப்பாண மாநகர சபையின் 45 ஆசனங்களில் முதலாவதாக வந்த கட்சிக்கே 13தான். கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் முதலாவதாக வந்த கட்சிக்கு 48. எந்தக் கட்சிக்கும் பாதி கிடைக்காத சபைகளில் மேயரை அல்லது தவிசாளரை உறுப்பினர்கள் கூடித் தெரிகிறார்கள். கொழும்பில் இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று முடிவானது. இரு நகரங்களிலும் பெண்களே மேயரானார்கள் என்பது மகிழ்ச்சி. ஆனால் வாக்காளரின் இரண்டாவது விருப்பம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. அதைக் கட்சிக்காரர்கள் மூடிய அறையில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டாவது விருப்பத்தை நாங்களே எழுதினால் என்ன?

சிறு சமூகத்துக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. ஒரு புள்ளடி முறையில் வேட்பாளர் தம் ஆட்களைத் தூண்டிவிட்டால் போதும். மற்ற வீட்டுக் கதவைத் தட்டத் தேவையில்லை. வரிசை முறையிலோ, “முதல் வாக்கை உங்கள் ஆளுக்கே போடுங்கள், இரண்டாவதை எனக்குத் தாருங்கள்” என்று கேட்டு வரவேண்டும். அப்படிக் கேட்டு வருபவன் உங்கள் சமூகத்தைப் பற்றி மேடையில் அவதூறு பேச யோசிப்பான். தமிழ் வேட்பாளர் முஸ்லிம் வீட்டுக்கும், முஸ்லிம் வேட்பாளர் தமிழ் வீட்டுக்கும் வந்து போகும் வழி இது. 1990இன் காயம் உள்ள மண்ணில் இது சிறிய காரியமா?

பிற நாடுகளின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. அயர்லாந்தில் உள்ளூர் சபைகளுக்கு வரிசை வாக்கு 1919இல் ஸ்லைகோ நகரிலும், 1920இல் நாடு முழுவதிலும் வந்தது. சிறுபான்மை மதத்தவருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வட அயர்லாந்தில் 1922இல் அதை எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து, இரு சமூகங்களும் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த 1973இல், உள்ளூர் சபைகளுக்கு அதையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2025 ஜூனில் நியூயோர்க் நகர மேயருக்கான கட்சி உள்தேர்தலில் வாக்காளர்கள் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தினார்கள். அங்கே முஸ்லிமான ஸொஹ்ரான் மம்தானியும் யூதரான பிராட் லாண்டரும் போட்டியாளர்களாக இருந்துகொண்டே, “எனக்கு முதலாவது, அவருக்கு இரண்டாவது” என்று ஒருவருக்காக ஒருவர் வாக்குக் கேட்டார்கள். மம்தானி வென்றார், நவம்பரில் மேயராகவும் தெரிவானார். நவம்பர்த் தேர்தலில் வரிசை முறை இல்லை. ஆனால் உள்தேர்தலில் போட்டியாளர்கள் பகைவர்களாகத் தேவையில்லை என்பதை உலகம் பார்த்தது.

சில சந்தேகங்கள்

“இரண்டாவது வாக்கை வேறொருவருக்குக் கொடுப்பது மார்க்கத்தில் சரியா? வாக்கு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் சொல்கிறார்களே!” என்று சில சகோதரிகள் கேட்கலாம். நல்ல கேள்வி. வாக்கு சாட்சியம்தான், அமானத்தும்தான். வரிசையிடுவதும் சாட்சியமே: “இவர் கூடத் தகுதியானவர், இவர் வராவிட்டால் மற்றவர்களில் அவர் மேல்” என்ற சாட்சியம். இரு தீங்குகளில் ஒன்று தவிர்க்க முடியாதபோது இலேசானதைத் தெரிவு செய்வது ஃபிக்ஹில் அறியப்பட்ட விதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தகுதியே இல்லாதவர் என்று நீங்கள் அறிந்த ஒருவருக்கு மூன்றாம் இலக்கம்கூட இடவேண்டியதில்லை. வரிசையை நிரப்புவது கடமையல்ல.

“எண்ணுவதற்கு நாளாகுமே, நம் பாட்டிமாருக்கு விளங்குமா?” என்பார்கள். 2024இல் இரண்டாவது எண்ணிக்கையும் முடிந்து மறுநாள் மாலையே முடிவு வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தேர்தலில் 3 லட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டதும் உண்மை. சட்டத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வீடுவீடாகப் படிப்பிக்க வேண்டும். ஒரு படி அரிசியில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று கணக்குப் பார்க்கும் நம் பெண்களுக்கு 1, 2, 3 விளங்காது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

“இதனால் முஸ்லிம் உறுப்பினர் நிச்சயம் வருவாரா?” நிச்சயமில்லை. ஒரு வட்டாரத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்களாகச் சிதறி வாழ்பவர்களை வரிசை வாக்கு மட்டும் சபைக்கு அனுப்பிவிடாது. அதற்கு விகிதாசாரப் பட்டியல் தொடர்ந்து இருக்கவேண்டும். என் கருத்து இதுதான்: வட்டார ஆசனங்களை வரிசை முறையில் தெரிவோம்; 40 வீதப் பட்டியலை முதல் இலக்கங்களின் மொத்தத்தை வைத்துப் பகிர்வோம். பெண்களுக்கான ஒதுக்கீட்டில் கைவைக்கக் கூடாது. இதற்குப் பாராளுமன்றம் உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தைத் திருத்தவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் மாதர் சங்கத்திலும் மத்ரஸாப் பெற்றோர் கூட்டத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவிலும் ஒருமுறை இலக்கமிட்டுத் தெரிவு செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். எண்ணும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் சீட்டை வாங்கியதும் 2க்கும் 3க்கும் யார் என்று முன்பே யோசித்து வையுங்கள். உங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரைக் காணும்போது, பிரதேச சபைக்கு ஏன் இந்த உரிமை இல்லை என்று கேளுங்கள்.

கணவர் சொன்னவருக்கே போடவேண்டுமா என்றும் சிலர் மெல்லக் கேட்பதுண்டு. வீட்டில் மஷூரா செய்யுங்கள், அவர் சொல்லும் நியாயத்தைக் கேளுங்கள், உங்கள் நியாயத்தையும் சொல்லுங்கள். ஹுதைபிய்யாவில் உம்மு ஸலமா (ரழி) அவர்களின் ஆலோசனையை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களே ஏற்று நடந்தார்கள். ஆனால் மறைப்புக்குள் நிற்கும்போது பேனை உங்கள் கையில். சாட்சியம் உங்களுடையது. மறுமையில் அதைப் பற்றிக் கேட்கப்படுபவரும் நீங்கள்தான்.

நம் வாக்கை அமானத்தாகக் காத்து, நீதியானவர்களை நம் ஊர்களுக்குப் பொறுப்பாளர்களாக்கி, பிரிந்த அயலவர்களை மீண்டும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் வரச்செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.